முடிந்து வைத்த ரூபாய்

ஜனவரி 9, வெள்ளி

கழுவப்பட்ட காசாம்! என் காசு! மும்பையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு எவனோ ஒருவன் இரண்டு நிமிஷம் புரட்டிப் பார்த்துவிட்டு எழுதி அனுப்பியிருக்கிறான்.

ஆத்திரத்தில் பின்னால் மறந்துபோகும், விவரமாக எழுதிவைக்கிறேன். 1939ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய். ஆறாம் ஜார்ஜ் தலை போட்டது. அந்த வருஷத்து ரூபாய் வெளியே அகப்படுவதே அபூர்வம். காசு சேர்க்கிறவர்களில் பாதிப் பேர் படத்தில் பார்த்ததோடு சரி. இருபத்திரண்டு வருஷம் தேடி, சங்கரன்கோவிலில் ஒரு நகைக்கடையில் உருக்குவதற்குக் குவித்துப் போட்டிருந்த வெள்ளியிலிருந்து நான் பொறுக்கி எடுத்தேன். தரம் பார்க்கிற கம்பெனிக்கு அனுப்பினால் அசலா போலியா என்று சொல்லி, எழுபதுக்கு இத்தனை என்று ஒரு எண் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து ஒட்டித் தருவார்கள். அந்த எண்தான் காசுக்கு ஜாதகம். என் டப்பாவில் எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. "அசல். கழுவப்பட்டது" என்று அச்சடித்திருக்கிறான்.

எண் இல்லாத காசு ஊனக்காசு. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி திருநெல்வேலியில் எங்கள் நாணயச் சங்கத்துக் கண்காட்சி. முன் வரிசைக் கண்ணாடிப் பெட்டியில் எண் உள்ள காசு மட்டும்தான் வைக்கலாம். அந்த விதியைப் போட்டதே செயலாளர் குற்றாலிங்கம், அதாவது நான்.

நான் கழுவவில்லை. தென்காசியில் இருபத்தெட்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கீறல் என்றால் என்னவென்று எனக்கே பாடம் எடுக்கிறார்களா?

வீட்டுக்குப் போனதும் என் பெண்டாட்டி உலகம்மாள் கேட்டாள், "என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" லென்ஸ் பார்சல் உடைந்து வந்துவிட்டது என்றேன்.

ஜனவரி 10, சனி

மதுரை லியாகத்துக்குப் போன் போட்டேன். காசு வியாபாரி. கம்பெனிக்கு அனுப்புவது, வாங்குவது எல்லாம் அவன் மூலமாகத்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நெசமாச் சொல்லுங்க, கழுவுனீங்களா?"

"என்னைப் பாத்து கேக்கே பாரு. சங்கத்துல வருஷா வருஷம் 'காசைக் கழுவாதீங்க'ன்னு தொண்டை கிழியக் கத்துறவன் யாரு?"

"அதான்ணே நானும் யோசிச்சேன். சரி, ஒரு வழி இருக்கு. டப்பாவ ஒடச்சு காச வெளிய எடுத்துட்டு, புதுசா அனுப்புற மாதிரி மறுபடி அனுப்பலாம். வேற ஆள் கையில விழுந்தா வேற மாதிரி வரும். எத்தனையோ பேரு பண்றாங்க."

"வராட்டி?"

"வராட்டி முன்ன இருந்ததும் போச்சு. முப்பத்தொம்பதுல கள்ளக்காசு நெறைய இருக்குண்ணே, எட்டை ஒம்பதாத் திருத்தி வச்சிருப்பாய்ங்க. இப்ப அசல்னு ஒரு சீட்டாவது இருக்கு. ஒடச்சுட்டா அதுவும் கெடையாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

உலகம்மாள் பூஜை அலமாரியைத் துடைத்தாள். மஞ்சள் துணி முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்ப வைத்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் எழுதலாம்.

போன ஆடியில் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த உலகம்மாள், மஞ்சள் நனைத்த துணியில் ஒரு காசை முடிந்து, "இவிய உசுரோட திரும்பி வரட்டும். பங்குனி உத்திரத்துக்கு வந்து இதை உண்டியல்ல போடுதேன்" என்று எங்கள் குலதெய்வம் சாஸ்தாவுக்கு நேர்ந்துவிட்டாள். வீட்டில் சில்லறைக்கா பஞ்சம்? ஐந்து ரூபாய்க் காசு, பத்து ரூபாய்க் காசு டப்பா நிறையக் கிடக்கிறது. மகராசி என் பீரோவைத் திறந்து, கையில் அகப்பட்ட வெள்ளிக்காசை எடுத்திருக்கிறாள். முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணியும் ரூபாய்க்கும் ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாது அவளுக்கு.

நான் வீடு திரும்பி, கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் பீரோவைத் திறந்தேன். முப்பத்தொன்பதின் சின்னப் பெட்டி காலி. உலகம்மாளிடம் கேட்கவில்லை. நேர்ந்ததை ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தாள், அலமாரியில் முடிச்சைப் பார்த்ததும் எதை முடிந்தாள் என்று புரிந்துவிட்டது. அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் அவிழ்த்து, என் காசை எடுத்துக்கொண்டு, 1944ஆம் வருஷத்து ரூபாய் ஒன்றை வைத்து முடிந்தேன். அதுவும் ரூபாய்தான். பாதி வெள்ளி. அதே ராஜா, அதே அளவு. சாஸ்தா என்ன, லென்ஸ் வைத்தா பார்க்கப்போகிறார்?

மூன்று வாரம் ஈர மஞ்சள் துணியில் கிடந்ததில் ராஜாவின் கன்னத்தில் மஞ்சள் கறை. துடைத்தேன். துடைப்பது வேறு, கழுவுவது வேறு. மும்பைக்காரனுக்கு அது தெரியவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கலில் நெய் அதிகம். வாயு. ஒரு மாத்திரை.

ஜனவரி 20, செவ்வாய்

உடைத்தேன்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம். மேஜையில் டர்க்கித் துண்டை நாலாக மடித்து விரித்தேன். டப்பாவின் மூலையைக் கொறடால் கவ்வி நெரித்தேன். அசையவில்லை. இன்னொரு மூலை. ஒரு சின்னச் சில்லு தெறித்துக் கன்னத்தில் பட்டது. கை நழுவினால் கொறடு காசில் இறங்கும். வேர்த்துக் கொட்டியது. மூன்றாவது மூலையில் பட்டென்று விரிசல் விட்டது, பாருங்கள், அந்த நிமிஷம் பார்த்து உள்ளே வருகிறார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"குற்றாலிங்கம், இந்தக் கண்ணாடியில மூக்குப்பட்டை கழண்டுட்டு. ஒண்ணு போட்டுக் குடுடே."

"சார், ஒரு அஞ்சு நிமிஷம்."

"அது என்னது, நண்டு ஓட்டை உடைக்க மாதிரி உடைக்க?"

"பழைய டப்பா சார்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் பார்க்கப் பார்க்கவே மிச்சத்தை உடைத்தேன். காசு துண்டில் விழுந்தது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்தேன். அடி ஒன்றும் படவில்லை. ராஜாவின் கன்னத்தில் மட்டும் அந்த மெல்லிய கோடுகள், ஒரே திசையில் ஐந்தாறு. சாய்த்தால் தெரிகிறது, நேராக வைத்தால் தெரியவில்லை. பார்க்கிறவன் நேராக வைத்துப் பார்த்துத் தொலைக்கட்டும்.

இப்போது இது அசல் என்று சொல்ல என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. தலைமையாசிரியரிடம் மூக்குப்பட்டைக்குக் காசு வாங்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

ரிஜிஸ்டர் பார்சலில் லியாகத்துக்கு அனுப்பினேன். போஸ்ட் ஆபீஸ் அம்மா "உள்ள என்ன?" என்றாள். கண்ணாடிச் சாமான் என்றேன். பொய் சொல்லச் சொல்லப் பழகிவிடுகிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட்டபிறகு உலகம்மாள் பங்குனி உத்திரத்துக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். வேன், பொங்கல் பானை, சர்க்கரை, யார் யார் வருகிறார்கள். இந்தத் தடவை ஏப்ரல் ஒன்றாம் தேதி வருகிறது.

"காசு முடிஞ்சு வச்சிருக்கேம்லா. மறக்காம போட்டுரணும். உங்க உசுருக்கு நேர்ந்தது."

"போட்டுருவோம்."

"அதுக்குள்ள வேற எதுவும் செய்யணும்னா செஞ்சுருங்க."

"வேற என்ன செய்யணும்?"

"நான் என்னத்தக் கண்டேன்? சொன்னேன்" என்றாள். டாக்டரிடம் ஆறு மாசச் செக்கப்புக்குப் போகவில்லை என்பதைத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். போகவேண்டும். கண்காட்சி முடியட்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

லியாகத் போன். பார்சல் மும்பைக்குப் போய்விட்டது. ஆறு வாரமாம். ஒரு நம்பர் கொடுத்தான், கம்பெனி வெப்சைட்டில் போட்டால் காசு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும். போட்டேன். "பெறப்பட்டது."

பிப்ரவரி 11, புதன்

பெறப்பட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

பெறப்பட்டது. எத்தனை நாளைக்கடா பெறுவீர்கள்?

பிப்ரவரி 17, செவ்வாய்

கடை மாடியில் ஸ்டாக் எடுக்க ஏறினேன். பாதிப் படியில் நெஞ்சுக்கு நடுவே யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி. இடது தாடை வரைக்கும் இழுத்தது. படியிலேயே உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. காலையில் தின்ற உளுந்தவடை.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் உடனே வண்டி பிடித்துத் திருநெல்வேலிக்குக் கிளப்பிவிடுவாள். அங்கே படுக்கப் போட்டுவிட்டால் வெப்சைட்டை யார் பார்ப்பது?

ஒன்றைச் சொல்லவேண்டும். படியில் உட்கார்ந்திருந்தபோது முடிச்சில் நான் வைத்த அந்த நாற்பத்துநாலாம் வருஷத்து ரூபாய்தான் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சும்மா ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

இன்றைக்குச் செத்துப் பிழைத்தேன்.

காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன். உலகம்மாள் முடிச்சைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் புதுத்துணி ஒரு துண்டு, கிண்ணத்தில் மஞ்சள்.

"துணி நைஞ்சுபோச்சு. அவுத்து வேற துணியில கட்டுதேன்."

விரல் முடிச்சில் போய்விட்டது. அவளுக்கு வித்தியாசம் தெரியாது என்று எனக்கு நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், இருந்தும் கத்திவிட்டேன்.

"அவுக்காதே!"

"ஏன்?"

"நேர்ந்து முடிஞ்சதை இடையில அவுக்கக்கூடாது."

"யாரு சொன்னா?"

"எங்க அப்பா சொல்லுவாரு."

"மாமாவா? அவிய சாமியே கும்பிடமாட்டாவளே."

"சின்ன வயசுல கும்பிட்டாரு."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவுக்கக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்குல்லா உங்களுக்கு. அது போதும்" என்று சொல்லிவிட்டு, பழைய துணிக்கு மேலேயே புதுத்துணியைச் சுற்றிக் கட்டினாள். அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். தப்பித்தேன் என்று மனசு துள்ளியது. கடைக்குப் போய் முதலில் வந்த ஆளுக்கு இடது கண் லென்ஸை வலது கண்ணில் போட்டுக் கொடுத்துவிட்டேன், அவர் திரும்பி வந்து சண்டை போட்டார்.

மார்ச் 13, வெள்ளி

"தரம் பார்க்கப்படுகிறது."

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுக்குக்கூட இப்படிக் கிடந்து துடித்ததில்லை. இந்நேரம் எவன் கையில் இருக்கிறதோ? விளக்கைச் சாய்த்துப் பிடிக்கிறானோ, நேராகப் பிடிக்கிறானோ?

மார்ச் 16, திங்கள்

மாத்திரை ஒன்று. கடைத்தெருவில் நடந்ததற்கே.

மார்ச் 24, செவ்வாய்

ஐம்பத்தெட்டு!

எழுபதுக்கு ஐம்பத்தெட்டு. "கழுவப்பட்டது" இல்லை, ஒரு குறையும் எழுதவில்லை. வெறும் எண், சுத்தமான எண். மூன்று தடவை பக்கத்தை மூடித் திறந்து பார்த்தேன். லியாகத்துக்குப் போன் போட்டால் அவனும் கத்துகிறான், "அண்ணே, கலக்கிட்டீங்கண்ணே! நான் நம்பவே இல்ல!" கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். பேத்தி பிறந்திருக்கிறாளா என்றுகூட ஒருவர் கேட்டார். என் மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

ஆக, நான் கழுவவில்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது.

கம்பெனியே சொல்லிவிட்டதால் இனி எழுதினால் என்ன? கழுவினேன். முதலில் லென்ஸ் கழுவும் மெஷினில் போட்டேன். மஞ்சள் போகவில்லை. சமையல் சோடாவைக் குழைத்துப் பூசினேன். அப்புறம் பிரஷ். பல் தேய்க்கிற பிரஷ், பழையதுகூட இல்லை. கன்னத்தில் ஐந்தாறு தடவை இழுத்தேன், ஒரே திசையில். மஞ்சள் போய்விட்டது. அதோடு அந்த வெள்ளியின் மேலிருந்த ஏதோ ஒன்றும் போய்விட்டது. போகிறபோதே எனக்குத் தெரிந்தது. வெட்கக்கேடு.

முதலில் பார்த்தவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். இரண்டாவது ஆள்தான் ஏமாந்துவிட்டான். இதை எழுதியபிறகு அந்த ஐம்பத்தெட்டைப் பார்க்கப் பழைய சந்தோஷம் இல்லை.

மார்ச் 28, சனி

பார்சல் வந்தது. புது டப்பா, புது எண். மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பார்த்துக்கொண்டிருக்கையில் நிழல் விழுந்தது. உலகம்மாள்! சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நிற்கிறாள். அவள் கடைக்கு வருவது வருஷத்தில் ஒருநாள், ஆயுதபூஜைக்கு.

"சாப்பிட வரலியேன்னு கொண்டாந்தேன். இது என்னது?"

டப்பாவை மறைக்க நேரம் இல்லை. "காசு. சங்கத்துக் கண்காட்சிக்கு."

கையில் எடுத்தாள். திருப்பினாள். எண்ணைப் பார்த்தாள், ராஜாவைப் பார்த்தாள்.

"பளபளன்னு இருக்கு. வெளிய எடுக்க முடியுமா?"

"உடைச்சாத்தான்."

"உடைச்சா?"

"உடைச்சா இந்த எண் போயிரும். மறுபடி வெறும் காசு ஆயிரும்."

"அப்படியா" என்று மேஜையில் வைத்தாள், மெதுவாக, சத்தம் வராமல். "சாப்பிடுங்க, ஆறிரும்." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். கேரியரைத் திறந்தால் சுண்டவத்தல் குழம்பு, எனக்குப் பிடித்தது. திரும்ப மூடி வைத்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

நாளைக் காலை ஐந்து மணிக்கு வேன். பானை, விறகு, வாழையிலை எல்லாம் கட்டியாகிவிட்டது. முடிச்சைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நான் என் வேட்டி சட்டையை எடுத்து வைத்தேன். அந்த டப்பாவையும் சட்டைப்பையில் வைத்தேன். எதற்கு என்று என்னைக் கேட்டால் தெரியாது.

ஏப்ரல் 1, புதன். பங்குனி உத்திரம்

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோயிலில் நல்ல கூட்டம். ஊர் ஊராக வேன்கள். ஆற்றங்கரை நெடுக அடுப்புப் புகை. எங்கள் ஆட்கள் பொங்கல் வைக்க இடம் பிடித்தார்கள். உலகம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு முடிச்சைக் கையில் கொடுத்தாள்.

"நீங்களே போடுங்க. உங்க உசுருக்கு நேர்ந்தது. நான் ஆத்துல கால் நனைச்சுட்டு வாரேன்."

"நீ வரலையா?"

"நான் எதுக்கு? உங்களுக்கும் சாமிக்கும் உள்ளது."

வரிசையில் நின்றேன். வெயில் ஏறிவிட்டது. சட்டைப்பையில் டப்பா நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது. உண்டியலுக்கு முன்னால் ஐந்து பேர் இருக்கும்போது பையில் கையை விட்டேன். டப்பாவை வெளியே எடுக்கவும் செய்தேன். உண்டியல் வாயைப் பார்த்தேன். காசு போகும், முடிச்சை நெருக்கினால் போகும், இந்த அகலத்துக்கு டப்பா போகாது. உடைக்கவேண்டும். தேங்காய் உடைக்கிற கல் நாலு எட்டில் இருந்தது. ஒரே போடு. அவ்வளவுதான் வேலை.

ஐம்பத்தெட்டு என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. பின்னால் நின்றவர், "அண்ணாச்சி, போடுதியளா, தள்ளுதியளா?" என்றார்.

டப்பாவைப் பைக்குள் விட்டேன். முடிச்சைப் போட்டேன். தொப்பென்று சத்தம் கேட்டது. எந்தக் காசைப் போட்டாலும் அந்தச் சத்தம்தான் கேட்டிருக்கும். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. முடிந்தது, இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷமாகவே இருந்தது.

உலகம்மாளைத் தேடிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். பெண்கள் குளிக்கிற பக்கம் இல்லை. பொங்கல் வைக்கிற இடத்தில் இல்லை. மரத்தடியில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்து முடி இறக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள், ஆண்கள், இரண்டு மூன்று பெண்கள். அவர்களைத் தாண்டிப் போய்விட்டேன்.

"என்னங்க."

திரும்பினேன். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. மறுபடி "என்னங்க, இங்க" என்று கேட்டது. நான் தாண்டிப்போன பெண்களில் ஒருத்தி, ஈரத்தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தவள், என் பெண்டாட்டி. ஒரு முடி இல்லை. இடுப்பு வரைக்கும் இருந்த முடி.

அவள்தான் முதலில் பேசினாள்.

"எதைப் போட்டீய?"

"முடிச்சை."

"சரி."

"உலகம்மா, இது என்ன, எதுக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை..."

"அந்த முடிச்சுல இருக்கது நான் வச்ச காசு இல்லைன்னு எனக்கு ஆவணியிலயே தெரியும். நான் போட்டது ஒத்தை முடிச்சு. அலமாரியில ரெட்டை முடிச்சுல்லா கிடந்துச்சு." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "பொய்யா முடிஞ்சதைக் கொண்டுபோயி சாமிகிட்ட போட்டா உங்க உசுருக்கு என்ன ஆகும்? எனக்குப் பயம். அன்னைக்கே என் முடியை நேர்ந்துட்டேன். ஆனா இன்னைக்கு வரைக்கும் பாத்தேன். நீங்களா எடுத்துட்டு வந்து வச்சிருவீயன்னு."

"நீ தெரியாம எடுத்திட்டியேன்னுதான்... வேற காசு எத்தனையோ கிடந்துச்சு. அது எவ்வளவு..."

"தெரியாம எடுத்தேன்னு யாரு சொன்னா?" இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "தனிப்பெட்டியில பொத்திப் பொத்தி வச்சிருந்தீய. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ எடுத்துப் பாப்பீய. அதனாலதான் அதை எடுத்தேன். ஆஸ்பத்திரியில டாக்டரு கையை விரிச்சுட்டாரு. வீட்டுல இருக்கதுலயே உங்களுக்கு எது ரொம்பப் பிரியமோ அதைக் குடுத்தாத்தானே நான் அவருகிட்ட உங்களைக் கேக்க முடியும்? ஒரு அஞ்சு ரூவாயைப் போட்டுட்டா கேக்க முடியும்?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று இந்த நோட்டில் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன்!

பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். "இப்பமே உடைச்சுப் போட்டுட்டு வாரேன்."

"வேண்டாம்."

"இல்ல, ஒரு நிமிஷம்..."

"வேண்டாங்கேன்லா. நான் கேட்டேன், நான் குடுத்துட்டேன். என் கணக்கு தீந்துபோச்சு. நான் பாக்கேன்னு இனி நீங்க போடவேண்டாம்." சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "இதைத் தேச்சு விடுங்க. எரியுது."

சந்தனத்தைக் கரைத்து அவள் தலையில் பூசினேன். முப்பது வருஷத்தில் அவள் தலையை இப்படித் தொட்டதில்லை. வலது காதுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு பழைய தழும்பு இருந்தது. பத்து மடங்கு லென்ஸில் காசைப் பார்க்கிறவனுக்கு இது தெரியாது.

"இது என்ன?"

"ஆறு வயசுல கிணத்துப் படியில விழுந்தது. ஏழு தையல்."

"சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டதே இல்லையே."

பூசிக்கொண்டே சொன்னேன், "எனக்கு நெஞ்சு வலிக்கி. தை மாசத்துல இருந்து." இந்த வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 3, வெள்ளி

திருநெல்வேலி, ஆஸ்பத்திரி. நேற்று வந்ததுமே படுக்கப் போட்டுவிட்டார்கள். ஸ்டென்ட் வைத்த குழாய் நன்றாகத்தான் இருக்கிறதாம், வேறொரு குழாயில் அடைப்பு. டாக்டர் கேட்டார், மூன்று மாசமாக வலியை வைத்துக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. கண்காட்சி வேலை என்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

பத்தரைக்கு உள்ளே கொண்டுபோவார்கள். இப்போது பத்து ஐந்து. கையில் ஊசி குத்தியிருப்பதால் எழுத்து கோணலாக வருகிறது.

வாட்ச், மோதிரம், பையில் உள்ளதெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடச் சொல்லி நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், கலகலவென்று பேசுகிறாள். டப்பாவை எடுத்தேன். "இது என்ன தாத்தா, சாமி டாலரா?" என்றாள். காசு என்றேன். உலகம்மாளிடம் நீட்டினேன். அவள் வாங்கி, பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நர்ஸ் அவள் தலையைப் பார்த்துவிட்டு, "மொட்டை போட்டிருக்கீங்களே பாட்டி, நேர்த்திக்கடனா?" என்றாள்.

"ஆமா. இவியளுக்கு."

"ஐயோ, தாத்தா குடுத்துவச்சவரு! நீங்க என்ன நேர்ந்திருக்கீங்க தாத்தா, பாட்டிக்கு?"

சுவரைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன். உலகம்மாள்தான் போர்வையை என் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அவிய இன்னும் ஒண்ணும் சொல்லல சிஸ்டர். உள்ள போறதுக்குள்ள சொல்லுவாவ."

இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கிறது.